ஹாலிபட் தூண்டில்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டறியும் முறை

அலாஸ்காவின் தென்கரையில், கச்செமாக் வளைகுடாவிலும் அதற்கு வெளியே குக் இன்லெட்டின் வாயிலும், 18 அடி அலுமினியப் படகில் பல கோடைகள் ஹாலிபட் பிடித்திருக்கிறேன். என் படகில் ஏறியவர்களும் பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. முள் சரியில்லை என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். தேடிப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் கையிலோ, இரை கோத்த விதத்திலோ, கடல்நீர் ஏறி வற்றும் ஓதத்தைப் பார்க்காமல் புறப்பட்ட நேரத்திலோ இருக்கிறது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், புதிதாக வாங்கவோ ஆளை அழைக்கவோ வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்; அந்த வரிசையிலேயே சோதித்து வாருங்கள்.

நம் கடற்கரைகளில் எருமை நாக்கு என்று சொல்லப்படும் மீனுக்கு இந்திய ஹாலிபட் என்ற பெயரும் உண்டு. இங்கே பேசப்படுவது அதுவன்று. வட பசிபிக்கின் குளிர்ந்த நீரில் அடித்தரையோடு படுத்திருக்கும், 200 கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய தட்டை மீன். அங்குள்ளவர்கள் சிறியதைக் கோழி என்றும், மிகப் பெரியதைக் களஞ்சியக் கதவு என்றும் அழைப்பார்கள். உங்கள் படகு சிறியதென்றால் கோழியைக் குறிவைத்துப் போங்கள். கதவு வந்தால் என்ன செய்வது என்பது ஒன்பதாம் அறிகுறியில் இருக்கிறது.

உங்களிடம் உள்ள சாதனம் ஏறத்தாழ இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்: குட்டையான, விறைப்பான தூண்டிற்கோல், 80 முதல் 100 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் முறுக்கு விழாமல் காக்கும் சுழலி, அதற்குக் கீழே இரண்டு மூன்று அடி நீளத்தில் 200 முதல் 300 பவுண்டு தாங்கும் தடித்த தங்கூசி என்ற நைலான் நரம்பு, அதை முள்நரம்பு என்று குறிப்பிடுகிறேன், அதன் முனையில் 16/0 அளவு வட்டமுள், ஒன்று அல்லது இரண்டு பவுண்டு ஈயம்.

அறிகுறி 1: கடி தெரிகிறது, மீன் மாட்டவில்லை

கோலின் நுனி இரண்டு மூன்று முறை குனிகிறது, நீங்கள் இழுக்கிறீர்கள், கனம் ஒரு நொடி தெரிந்து மறைகிறது, இரை நசுங்கியோ கிழிந்தோ மேலே வருகிறது. அடிக்கடி கேட்கும் புகார் இதுதான் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம், சுண்டி இழுப்பது. வட்டமுள்ளின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை; உள்நோக்கி வளைந்து தண்டைப் பார்த்திருக்கிறது. மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நகரும்போது நரம்பு மெதுவாக இறுக, முள் வாயின் ஓரம்வரை வழுக்கி வந்து தாடையின் மூலையில் தானாகத் திரும்பிக் குத்துகிறது. கடி தெரிந்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் அது திரும்புவதற்கு முன்பே வாயை விட்டு வெளியே வந்துவிடும். மற்ற மீன்களுக்குப் பழகிய கை இதை ஏற்காது. ஒரு முறை என் படகில் வந்த நண்பர், அனுபவம் மிக்க தூண்டில்காரர், அடுத்தடுத்து ஐந்து கடிகளை இப்படியே தவறவிட்டார். ஆறாவது முறை கோலைப் படகின் தாங்கியில் செருகி, இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நுனி குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. அவருடைய முழங்கைகள் துடித்ததை நானே பார்த்தேன். பிறகு நுனி மெல்லத் தண்ணீரை நோக்கி வளைந்து, வளைந்தபடியே நின்றது. அப்போது கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். மீன் தாடை மூலையில் குத்துப்பட்டு வந்தது.

சோதனை: அடுத்த மூன்று கடிகளுக்குக் கோலைத் தாங்கியிலேயே விட்டுவிடுங்கள். நுனி தட்டுவது கடியன்று. நுனி வளைந்து நிலைப்பதுதான் கடி. நிலைத்த பிறகு கோலை உயர்த்தாமல், ரீலை மட்டும் சீராகச் சுற்றுங்கள். மூன்றில் ஒன்றாவது மாட்டினால் காரணம் தெரிந்துவிட்டது, மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

இரண்டாம் காரணம், இரை முள்ளின் வாயை அடைத்திருப்பது. இரை கழன்றுவிடுமோ என்ற அச்சத்தில் ஹெர்ரிங் மீனை மூன்று நான்கு முறை குத்தி, முள்ளின் வளைவு முழுவதையும் சதையால் நிரப்பிவிடுகிறார்கள். முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள வெளிதான் தாடையைப் பிடிக்கும் இடம். அது அடைபட்டால் முள் இருந்தும் இல்லாததற்குச் சமம். இரை கோத்த பிறகு உங்கள் சுண்டுவிரல் முனைக்கும் தண்டுக்கும் நடுவே தடையில்லாமல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இரையை அவிழ்த்து, ஹெர்ரிங்காக இருந்தால் தலைப்பகுதியில் கண்களின் வழியாக ஒரே ஒரு முறையும், சால்மன் தோல் பட்டையாக இருந்தால் தடித்த முனையில் ஒரே ஒரு முறையும் குத்துங்கள்.

மூன்றாம் காரணம், மழுங்கிய முனை. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்வாக வைத்து மெல்ல இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர்மை போதும், வழுக்கினால் போதாது. ஒருமுறை பாறையைத் தொட்ட முள்ளை இந்தச் சோதனை இல்லாமல் மறுபடி இறக்காதீர்கள். ஓரிரு முறை அரத்தால் தீட்டலாம். அதற்கு மேல் தீட்டினால் முனை குட்டையாகி வளைவின் வடிவமே மாறிவிடும். முள்ளின் விலையைவிட அன்றைய எரிபொருளின் விலை அதிகம் என்பதால் சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவதே என் வழக்கம்.

நான்காம் காரணம், தங்கூசி முள்ளின் கண்ணிலிருந்து தவறான பக்கமாக வெளிவருவது. தண்டின் மேல் சுற்றிக் கட்டும் கட்டில், நரம்பு முள்முனை இருக்கும் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைய வேண்டும். அப்படி இருந்தால் இழுபடும்போது முள் முனையின் பக்கமாகச் சாயும். பின்பக்கத்திலிருந்து நுழைந்தால் எதிர்ப்பக்கமாகச் சாயும். உள்ளங்கையை லேசாக மூடி அதற்குள் முள்ளை வைத்து, மறுகையால் நரம்பை மெல்ல இழுத்தால் வித்தியாசம் அப்போதே தெரியும். முனைக்குப் பின்னே எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் எதிர்முள் கையில் ஏறாதபடி இதைத் தடித்த கையுறையோடு செய்யுங்கள்.

ஐந்தாம் காரணம், முள்ளின் அளவு. 16/0 பொது வழக்கம். அந்த இடத்தில் வருவதெல்லாம் ஐந்தாறு கிலோ மீன்களாக இருந்தால் 12/0 அல்லது 14/0 வட்டமுள்ளுக்கு இறங்கலாம். பெரிய மீன் வேண்டும் என்று 20/0 கட்டுபவர்களுக்கு என் அனுபவத்தில் மீன் பெரிதாவதில்லை, மாட்டாத கடிகள்தான் கூடுகின்றன. முள்ளைக் கூட்டுகிறேன் என்று ஒரே நரம்பில் மூன்று முள் கட்டிவிடாதீர்கள். அங்கே பொழுதுபோக்குத் தூண்டிலில் ஒரு நரம்புக்கு இரண்டு முள்ளுக்கு மேல் சட்டப்படி கூடாது.

கிளை: நீங்கள் வட்டமுள் அல்லாமல் ஜே வடிவ முள்ளோ, ஈயத்தலை கொண்ட ஜிக்கோ பயன்படுத்துகிறீர்களானால் மேலே முதல் காரணத்தில் சொன்னதைத் தலைகீழாகப் படியுங்கள். அதற்குக் கோல் கையில் இருக்க வேண்டும், கடி தெரிந்த நொடியில் சுண்டி இழுக்கவும் வேண்டும். ஒரே படகில் ஒருவர் ஜிக்கும் மற்றவர் வட்டமுள்ளும் போடும்போது ஒருவர் கை மற்றவருக்குத் தொற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நான் வட்டமுள்ளையே பரிந்துரைக்கிறேன். ஒரே நீண்ட கயிற்றில் பல முள்கள் கட்டிய நீள்வரித் தூண்டில் போடும் தொழில்முறைப் படகுகள் 1980களின் தொடக்கத்தில் ஜே முள்ளை விட்டு இதற்கு மாறியபோது முள் ஒன்றுக்குக் கிடைத்த பிடிப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. அடியில் கிடந்து காத்திருக்கும் தூண்டிலுக்கு அந்த வடிவமே பொருத்தம்.

அறிகுறி 2: கடி தெரியாமலே இரை காணாமல் போகிறது

மேலே வந்த முள்ளில் மிச்சமிருப்பதைத் தூக்கி எறிவதற்கு முன் பாருங்கள். திருடன் யார் என்பதை அதுவே சொல்லும்.

எலும்பும் தோலும் மட்டும் சுத்தமாக நிற்கிறதென்றால் அடித்தரையில் உள்ள கடல்தெள்ளுகள், அதாவது இறாலுக்கு உறவான மிகச் சிறு உயிர்கள், சதையை அரித்துவிட்டன. இரையை அடியிலிருந்து ஓர் அடி உயர்த்திப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் இடத்தை மாற்ற வேண்டியதுதான்.

இரை கத்தியால் வெட்டியதுபோல் பாதி போயிருந்தால், கூடவே முள்நரம்பும் சொரசொரத்திருந்தால், நாய்ச்சுறாக் கூட்டம் வந்திருக்கிறது. அவை வந்துவிட்ட இடத்தில் இரையை மாற்றிப் பயனில்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஒரு மைல் தள்ளிப் போங்கள்.

சதை பிய்த்துப் பிய்த்து எடுக்கப்பட்டிருந்தால் சிறு காட் மீன்களும், முள்தலை கொண்ட அடித்தரை மீன்களும்தான் காரணம். இங்கே இரையை மாற்றுவது பயன் தரும். உறைய வைத்து இளகிய ஹெர்ரிங் மிருதுவானது. முந்தின இரவே கல்லுப்பில் புதைத்து வைத்தால் தோல் தோல்செருப்பைப்போல் இறுகும். அதைவிட உறுதியானது ஆக்டோபஸ் துண்டு; வாசனையில் ஹெர்ரிங்குக்கு ஈடில்லை, ஆனால் முள்ளை விட்டுப் போகவே போகாது. நான் ஒரே முள்ளில் ஆக்டோபஸ் துண்டை முதலிலும் ஹெர்ரிங்கை அதன் மேலும் கோக்கிறேன். ஹெர்ரிங் பறிபோனாலும் முள் வெறுமையாகக் கிடப்பதில்லை. இரண்டும் சேர்ந்து முள்ளின் வாயை அடைக்காமல் இருக்கச் சுண்டுவிரல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எந்த இரையாக இருந்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்காமல் விடாதீர்கள். 60 மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டு பவுண்டு ஈயத்தைச் சுற்றி எடுக்கும் சோம்பலில் வெறும் முள்ளோடு ஒரு மணி நேரம் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

அறிகுறி 3: ஈயம் அடியில் நிற்கவில்லை

நரம்பு நேராக இறங்காமல் படகுக்குப் பின்னே சாய்ந்து நீண்டுகொண்டே போகிறது, அடியைத் தொட்டதா இல்லையா என்பதே தெரியவில்லை.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். குக் இன்லெட்டில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 20 அடிக்கு மேல் மாறும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் ஓதத்தின் நடு மணிகளில் எந்த ஈயமும் நிற்காது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிது, அட்டமி நவமியை ஒட்டிய நாட்களில் சிறிது என்று நம் கடற்கரைக்காரர்கள் அறிந்துவைத்திருப்பது அங்கேயும் அப்படியே பொருந்தும். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் திரும்பும் வேளைக்கு ஒரு மணி முன்பு இடத்தில் இருந்து, அது முடிந்து ஒரு மணி வரை தூண்டில் போடுவதே சிறு படகுக்கு உகந்த திட்டம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

நேரம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் நரம்பைப் பாருங்கள். பின்னல் நரம்புக்குப் பதிலாகத் தடித்த நைலான் சுற்றியிருந்தால் நீரோட்டம் அதையே பாய்போல் பிடித்துத் தள்ளும். அதற்குப் பிறகுதான் ஈயத்தைக் கூட்ட வேண்டும்: ஒரு பவுண்டிலிருந்து இரண்டுக்கும், மூன்றுக்கும் போகலாம். மூன்று பவுண்டும் நிற்கவில்லை என்றால் அது தூண்டில் போடும் வேளையன்று. ஆழம் குறைந்த, கரையோரமாக ஒதுங்கிய இடத்துக்குப் போங்கள்.

படகு மிதந்து நகர்ந்தால் ஈயத்தை அவ்வப்போது தூக்கி இறக்கி அடியைத் தொட்டுக்கொண்டே போவதில் தவறில்லை. காற்றும் நீரும் எதிரெதிராக இருக்கும்போது மட்டும் அது கைவராது.

அறிகுறி 4: முள்நரம்பு மேல்நரம்பில் சுற்றிக்கொள்கிறது

பெரும்பாலும் இறக்கும் வேகமே காரணம். ரீலைத் திறந்துவிட்டு ஈயத்தை விழவிட்டால் இரை பின்தங்கி மேலே மிதந்து, சுழன்று, மேல்நரம்பைச் சுற்றிவிடும். கட்டைவிரலை ரீலின் மேல் வைத்து, நடுவே இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி நிறுத்தி இறக்குங்கள். அதற்குப் பிறகும் சுற்றினால் முள்நரம்பை இரண்டு அடிக்குக் குறையுங்கள்; இரை சுழலும்படி கோணலாகக் கோத்திருக்கிறீர்களா என்று படகோரத்தில் ஓர் அடி ஆழத்தில் இழுத்துப் பாருங்கள். கடைசி வழி, ஈயத்தையும் முள்ளையும் தள்ளித் தள்ளிப் பிடிக்கும் எல் வடிவக் கம்பிச் சட்டம்; குட்டைக் கையில் ஈயமும் நீண்ட கையில் முள்நரம்பும் தொங்கும். சுழலி துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றிருந்தால் எதைச் செய்தும் பயனில்லை; விரலால் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 5: மணிக்கணக்கில் கடியே இல்லை, அல்லது வேறு மீனே வருகிறது

இரை அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஹாலிபட் மேலெழுந்தும் இரை பிடிக்கும் என்றாலும் அடித்தரையோடு கிடப்பதே அதன் இயல்பு. இரை மூன்று அடிக்கு மேல் தொங்கினால் இறக்குங்கள்.

அடுத்தது வாசனை. நங்கூரமிட்டுப் பிடிக்கும்போது மீனை நீங்கள் தேடிப் போவதில்லை, நீரோட்டத்தின் வழியே வாசனையைப் பிடித்துக்கொண்டு அதுதான் உங்களைத் தேடி வருகிறது. ஆகவே வலைப்பைக்குள் மீன்தலைகளையும் குடலையும் போட்டு நங்கூரக் கயிற்றிலோ தனி ஈயத்திலோ கட்டி அடிவரை இறக்குங்கள். அதற்குப் பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுத்திருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நங்கூரத்தைத் தூக்கினால் ஒவ்வொரு முறையும் வாசனைப் பாதையை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள்.

நீர் ஓடவே இல்லை என்றால் வாசனை பரவாது. அப்போது ஜிக் போட்டு அடியை லேசாக இடித்து இடித்து எடுப்பது நல்ல மாற்று. இடம் தவறு என்ற முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்: ஆழமானியில் சமவெளியும் மேடும் சேரும் விளிம்பு, மணலும் சரளையும் கலந்த தரை, இவற்றில் தொடங்குங்கள்.

முனை கூர்மையான நீண்ட வாயும் பெரிய பற்களும் கொண்ட தட்டை மீன் வந்தால் அது ஏரோடூத் என்ற வேறு இனம். சமைத்தால் சதை கூழாகிவிடும். பாறை மீன்கள் வந்தால் நீங்கள் பாறைக்கு மேலே இருக்கிறீர்கள் என்று பொருள், மணல் பக்கமாக நகருங்கள். ஆழத்திலிருந்து வந்த பாறை மீனின் காற்றுப்பை உப்பியிருப்பதால் மேலே விட்டால் அது மிதந்தே சாகும்; அதை ஆழத்துக்குத் திருப்பி இறக்கும் கருவி படகில் இருக்க வேண்டும் என்பது 2020 முதல் அலாஸ்கா கடல் முழுவதற்கும் விதி.

இரண்டு பருவம் இப்படிச் சோதித்தும் வெறுங்கையோடு திரும்புகிறீர்கள் என்றால் ஆளை அமர்த்தும் நேரம் வந்துவிட்டது. உரிமம் பெற்ற வழிகாட்டியின் படகில் ஒரு நாள் போய் வாருங்கள். அவர் எந்த ஓதத்தில் புறப்படுகிறார், எவ்வளவு கயிறு விடுகிறார் என்பதைக் கவனித்தால் அந்தக் கட்டணம் வீணாகாது.

அறிகுறி 6: மாட்டிய மீன் பாதி வழியில் போய்விடுகிறது

திரும்பி வரும் நரம்பின் முனையையும் முள்ளையும் பாருங்கள்.

முள் நல்ல நிலையில், கூர்மையாகவே திரும்பி வந்திருந்தால் நரம்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. கோலை உயர்த்தி இழுத்து, தாழ்த்தும்போது சுற்றும் பழக்கத்தில், தாழ்த்தும் வேகம் சுற்றும் வேகத்தை மிஞ்சினால் ஒரு கணம் தளர்வு விழும். மீன் தலையை உதறும்போது அந்த ஒரு கணம் போதும். உயர்த்துவதைக் குறைத்து, நிறுத்தாமல் சுற்றுங்கள்.

நரம்பின் முனை பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. தடித்த தங்கூசியை வெறும் கையால் இறுக்க முடியாது. முள்ளைப் படகின் கொக்கியில் மாட்டி, நரம்பை ஈரமாக்கி, இடுக்கியால் பிடித்து உடல் எடையால் இறுக்க வேண்டும்.

முனை சொரசொரப்பாகக் கிழிந்திருந்தால் பல்லோ பாறையோ உரசியிருக்கிறது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்நரம்பின் கடைசி ஓர் அடியை விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். தடிப்போ கீறலோ தட்டுப்பட்டால் மாற்றிக் கட்டுங்கள்.

முள்ளே நிமிர்ந்து வந்திருந்தால் கம்பி மெலிந்த மலிவு முள், அல்லது ரீலின் ட்ராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் தடை, தேவைக்கு மேல் இறுகியிருக்கிறது. தராசைக் கொக்கியில் மாட்டிக் கோலோடு இழுத்துப் பாருங்கள். நரம்பின் தாங்கும் அளவில் கால்வாசிக்குப் பக்கத்தில் ட்ராக் வழுக்கத் தொடங்க வேண்டும். சீராக வழுக்காமல் விட்டு விட்டு உதறினால் உள்ளே தட்டுகள் உப்பில் கெட்டிருக்கின்றன. கழற்றிச் சுத்தம் செய்யத் தெரியாதவர்கள் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. ரீலை மேசையில் பிரித்துவிட்டு ஒரு சிறு வில்லைத் தேடித் தரையில் தவழ்ந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அறிகுறி 7: மீன் முள்ளை விழுங்கிவிட்டது

வட்டமுள்ளில் இது அரிது. நடந்தால், முனை பக்கவாட்டில் திருகியிருக்கும் முள்ளாக இருக்கலாம். மேசை மேல் படுக்க வைத்தால் தட்டையாகப் படுக்கும் முள்ளையே வாங்குங்கள். விடப்போகும் மீனாக இருந்தால் உள்ளே தோண்டாமல் நரம்பை வாயருகில் வெட்டிவிடுங்கள்.

அறிகுறி 8: ஈயம் பாறையில் மாட்டிக்கொள்கிறது

பின்னல் நரம்பைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. அது விரலை வெட்டும். படகை மாட்டிய இடத்துக்கு மறுபக்கம் கொண்டுபோய் இழுங்கள். அடிக்கடி நேர்ந்தால் ஈயத்தை மட்டும் 30 பவுண்டு மெல்லிய நரம்பில் கட்டுங்கள். மாட்டினால் ஈயம் போகும், முள்ளும் மீனும் வரும்.

அறிகுறி 9: படகோரம் வந்த மீன் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது

60 மீட்டர் ஆழத்திலிருந்து சாக்கு மூட்டைபோல் அமைதியாக வந்த மீன், தலை தண்ணீருக்கு மேலே தெரிந்த நொடியில் விழித்துக்கொள்ளும். ஐந்து அடி நீளம் என்றால் ஏறத்தாழ 45 கிலோ, முழுவதும் தசை. சிறு படகின் தரையில் அது ஓங்கி அடித்தால் கால் எலும்பு முறியும், எரிபொருள் குழாய் பிடுங்கப்படும். ஆகவே இந்த அறிகுறிக்கு மட்டும் முதல் சோதனை உங்களைப் பற்றியது: இன்னொருவர் உடன் இருக்கிறாரா, உயிர்காப்பு மேலங்கி அணிந்திருக்கிறீர்களா, தரையில் கயிறும் முள்ளும் சிதறிக் கிடக்கின்றனவா.

தலையைத் தண்ணீருக்குக் கீழேயே வைத்திருங்கள். யாராவது ஆவலில் கொக்கிக்கோலை நீட்டினால் தடுத்துவிடுங்கள். கோலை வைத்திருப்பவர் நரம்பைச் சற்றே தளர்வாகவும் ஆனால் தொய்வில்லாமலும் பிடிக்க, மீனின் நீளத்தைப் படகின் விளிம்போடு ஒப்பிட்டு அளந்து முடிவெடுங்கள்.

கிளை அ: நான்கு அடிக்குக் குறைவு. கொக்கிக்கோலைத் தலையில் குத்தி, ஒரே வீச்சில் உள்ளே எடுத்து, கட்டையால் கண்களுக்கு மேலே அடித்து, செவுளை வெட்டி இரத்தம் வடியவிடுங்கள். வடியவிடாத இறைச்சியின் நிறமும் சுவையும் கெடும்.

கிளை ஆ: அதைவிடப் பெரிது, வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள். மீனை உள்ளே எடுக்கும் எண்ணத்தை முதலில் விடுங்கள். முனை கழன்று உடலுக்குள் தங்கும் எறியீட்டி வேண்டும். அதன் கயிறு மிதவையில் கட்டப்பட்டிருக்க வேண்டும், உங்கள் கையிலோ படகின் ஆணியிலோ அன்று. செவுளுக்குப் பின்னே, முதுகெலும்பை ஒட்டிய தடித்த பகுதியில், மறுபக்கம் ஊடுருவும்படி குத்துங்கள். மீன் பாய்ந்தால் மிதவையோடு பாயட்டும். களைத்த பிறகு மிதவையைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பின் வாய் வழியாகச் செவுளுக்குள் கயிறு கோத்துப் படகோரம் கட்டி, செவுளை வெட்டி, தண்ணீரிலேயே இரத்தம் முழுவதும் வடியும்வரை காத்திருங்கள். அசைவு நின்ற பிறகும் வாலைத் தலையோடு வில்போல் வளைத்துக் கட்டிய பின்பே உள்ளே எடுக்க வேண்டும்; செத்ததாக எண்ணிய மீன் கால் மணி கழித்துத் துள்ளியதுண்டு. சிலர் துப்பாக்கியால் சுடுகிறார்கள். ஆடும் தளம், அலுமினிய உடல், பக்கத்தில் நிற்கும் ஆள், இவை மூன்றையும் எண்ணிப் பார்த்து நான் அதை என் படகில் அனுமதிப்பதில்லை.

கிளை இ: ஈட்டி இல்லை, ஆள் இல்லை, அல்லது அலை எழுந்துவிட்டது. விட்டுவிடுங்கள். நீண்ட பிடியுள்ள கொக்கியால் முள்ளின் வளைவைப் பிடித்துத் திருப்பினால் வட்டமுள் எளிதில் கழலும். மீனைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. மிகப் பெரியவை ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும் பெண் மீன்கள், சமையலுக்கும் பத்துப் பதினைந்து கிலோ மீனே மேல். அந்த ஆண்டின் அளவு வரம்பும் எண்ணிக்கை வரம்பும் பகுதிக்குப் பகுதி மாறுவதால், புறப்படும் முன் அவற்றைச் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

இந்தக் குழப்பத்தில் முள் உங்கள் கையில் ஏறிவிட்டால், எதிர்முள் வரை புகுந்த 16/0 முள்ளைப் படகிலேயே பிடுங்க முயலாதீர்கள். நரம்பை வெட்டி, முள் அசையாதபடி துணியால் சுற்றி, கரைக்கு வந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 10: நங்கூரம் வரவில்லை, படகின் ஒரு முனை அமிழ்கிறது

மீன் பிடிப்பதைவிட இதில்தான் சிறு படகுகள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையான முன்னணியத்தில் மட்டுமே கட்ட வேண்டும். பின்புறம் தாழ்வாகவும் இயந்திரத்தின் கனத்தோடும் இருப்பதால், அங்கே கட்டிய கயிற்றை நீரோட்டம் இழுக்கும்போது பின்பக்கமாகத் தண்ணீர் ஏறிப் படகு சில நொடிகளில் மூழ்கிவிடும்.

வராத நங்கூரத்தைக் கையால் இழுத்துப் போராடாதீர்கள். முதலில் ஓதம் தளரும்வரை காத்திருங்கள். பல நங்கூரங்கள் நீர் திரும்பியதும் தாமாகவே கழலும். அடுத்த வழி, கயிற்றில் வளையத்தோடு கூடிய பெரிய மிதவையை ஓடவிட்டு, படகை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்வாக ஓட்டிச் செல்வது. மிதவையின் உந்துதலே நங்கூரத்தை மேலே கொண்டுவரும். அப்போது கயிறு எப்போதும் படகின் பக்கவாட்டில், உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி, இயந்திர விசிறியிலிருந்து விலகி இருக்க வேண்டும். கயிறு பின்னால் போய்விட்டால் உடனே இயந்திரத்தை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கயிறு விசிறியில் சுற்றிவிட்டதென்றாலோ, தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டதென்றாலோ சோதனைகள் அத்தோடு முடிந்தன. கயிற்றை வெட்டுங்கள், கடல்வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படையை அழைத்து, உங்கள் இருப்பிடத்தையும் படகில் எத்தனை பேர் என்பதையும் முதலில் சொல்லுங்கள். அதற்காகவே உறையிட்ட கத்தி ஒன்றை முன்னணியத்தில், கயிறு கட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே, நிரந்தரமாகக் கட்டி வைத்திருக்கிறேன். இரை வெட்ட அதை யாரும் எடுக்கக் கூடாது என்பது என் படகின் ஒரே கண்டிப்பான விதி.